அறுநூறு வயதுத் துப்பாக்கிக்கு ஒரு பொட்டு

செப்டம்பர் 16, திங்கள்

ஆபீசுக்கு இன்று ஒரு துருப்பிடித்த குழாய் வந்தது. பூப்போட்ட போர்வையில் சுற்றி, பிக்னிக்குக்கு பீர் கொண்டுபோகும் ஐஸ்பெட்டிக்குள் வைத்து அனுப்பியிருந்தார்கள். இறக்கி வைத்த டெலிவரிக்காரர், பாத்ரூம் ரிப்பேரா என்று கேட்டார். கிரஹாம் கையுறை மாட்டிக்கொண்டு அதைப் பச்சைப்பிள்ளையை வாங்குவதுபோல் வாங்கினார்.

கிரஹாம் என் முதலாளி. வாள், கவசம், பதக்கம், பழைய துப்பாக்கி எல்லாம் ஏலம் விடுகிறவர். நான் ஆறு மாத ஒப்பந்தத்தில் அவருக்குப் பட்டியல் எழுதுகிறேன். எது என்ன, எந்த ஊர், எந்தக் காலம் என்று சொல்வதுதான் வேலை. ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. ஒரு பெரிய பொருளை ஒழுங்காக அடையாளம் சொல்லிவிட்டால் நிரந்தரம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார்.

கோயம்புத்தூரில் ஒரு வார்ப்பட ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருஷம் இரும்பை அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தவள் நான். மெல்போர்ன் வந்த ஏழு வருஷத்தில் முதியோர் இல்லத்தில் பாத்திரம் கழுவியிருக்கிறேன், கிடங்கில் ஸ்கேனர் பிடித்திருக்கிறேன். படித்த படிப்புக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் மரியாதை இந்தத் துருக்குழாய்தான். அதனால் அதைப் பார்த்து நான் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

குழாயோடு மூன்று நாள் குடித்தனம். முப்பத்தொரு சென்டிமீட்டர் நீளம், மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, வெளியே எட்டுப் பட்டை.

துப்பாக்கி வம்சத்தில் இது மூத்த ஆள். விசை கிடையாது, குறிபார்க்க எதுவும் கிடையாது. பின்னால் ஒரு கம்பைச் செருகி அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும். மேலே ஒரு துளை இருக்கிறது. அதில் தணலை வைத்தால் முன்பக்கம் வெடிக்கும். பின்பக்கமும் வெடிக்கலாம். யாருக்கு என்பது அன்றைய ராசிபலன்.

இந்தச் சாமான்களில் யாரும் தேதி பொறிக்கவில்லை. முக்கால்வாசிக்குச் செய்தவன் பெயரும் கிடையாது. மாட்டுத் தரகர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் உடம்பைப் பார்த்துத்தான் வயது சொல்ல வேண்டும். நெருப்புத் துளை மேலே இருந்தால் மூத்தது. அது பக்கவாட்டுக்குப் போய், மருந்து வைக்க ஒரு சின்னக் கிண்ணமும் சேர்ந்திருந்தால் இளையது. அடியில் கொக்கி இருந்தால் — கோட்டை மதிலில் மாட்டிக்கொண்டு சுட்டால் உதையை மதில் வாங்கிக்கொள்ளும் — அநேகமாக 1400க்குப் பிறகு. நம் ஆளுக்குத் துளை மேலே, கொக்கி அடியில். 1420க்கும் 1450க்கும் நடுவே என்று நான் சொல்கிறேன்.

கிரஹாமுக்கு 1399க்கு முன்னால் வேண்டும். 1399இல் இடித்த ஒரு ஜெர்மன் கோட்டையின் கிணற்றில் கிடைத்த துப்பாக்கிதான் இந்தத் துறைக்கே அளவுகோல். அதன் படத்துக்குப் பக்கத்தில் நம் படத்தையும் போட அவருக்கு ஆசை. கொக்கியை என்ன செய்வது என்று கேட்டேன். யோசிக்கச் சொன்னார்.

அல்லது இது சுத்தப் போலி. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஜெர்மனியில் காசுள்ளவன் எல்லாம் பொய்க்கோட்டை கட்டி, சுவரில் மாட்டப் பழைய ஆயுதம் தேடினான். கொல்லர்களும் குறை வைக்கவில்லை. இந்தக் குழாயும் ஒரு கிணற்றில் கிடைத்ததாம். அந்தக் கோட்டைத் துப்பாக்கிக்குப் பேர் வந்த பிறகு, ஜெர்மனியில் எல்லாத் துப்பாக்கியும் கிணற்றிலிருந்துதான் வருகிறது.

உள்ளே கேமரா விட்டுப் பார்த்தேன். நீளவாக்கில் ஒரு தழும்பு ஓடுகிறது. தகட்டைக் கம்பியில் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டிய தழும்பு. துளைபோட்ட புதுக் குழாயில் அது இருக்காது. பார்த்ததும் குழாயைத் தட்டிக்கொடுத்து, ராசா என்று கொஞ்சினேன். அதைப் பட்டியலில் எழுத முடியாது.

செப்டம்பர் 27, வெள்ளி

நாளை கால்பந்து இறுதிப் போட்டி, அதற்கு இன்றே ஊருக்கு லீவு. பந்தைப் பார்ப்பதற்கு முந்தின நாளே களைத்துப்போகும் ஜனங்கள். துணி துவைத்தேன்.

அக்டோபர் 2, புதன்

குழாயின் சொந்தக்காரர் வந்தார். மிஸஸ் பெர்க்மன், எண்பத்து நாலு வயது, பாலாரட்டில் பிறந்து பெல்கிரேவ் மலைப்பக்கம் வாழ்கிறவர். கணவர் ஓட்டோ 1952இல் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தவர். இரண்டு வருஷம் முன்பு காலமானார். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் குழாயைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, தாத்தாவின் மாவு மில் கிணற்றில் தூர் வாரும்போது கிடைத்தது, அறுநூறு வருஷப் பழசு என்பாராம். மூன்று மகன்களும் அதற்குச் சாக்கடைக் குழாய் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

விற்கும் எண்ணம் உண்டா என்று கிரஹாம் கேட்டதை அந்த அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஓட்டோ பிடித்த மீனைப் பற்றிப் பொய் சொல்வான். வயதைப் பற்றிப் பொய் சொல்வான். பல் டாக்டரிடம் போகிறேன் என்று குதிரைப் பந்தயத்துக்குப் போவான். இது ஒன்று மட்டும் சத்தியம் என்பான். ஐம்பத்தொன்பது வருஷம் அவனோடு இருந்திருக்கிறேன். இதுவும் பொய்யா என்று எனக்குத் தெரிய வேண்டும். மார்ச்சில் முதியோர் இல்லத்துக்குப் போகிறேன். அதற்குள் சொல்."

சொல்கிறேன் என்றேன். இனிப்புத் தடவாமல் சொல்ல வேண்டும் என்றார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை.

காலையிலேயே வீட்டில் மிக்ஸி, மைக்ரோவேவ், இரண்டு கார், என் லேப்டாப், பிரதீப் லேப்டாப் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் ஆயிற்று. வைஃபை பெட்டியை நான் மறந்துவிட்டதாக அவன் கத்தினான். என் புருஷனுக்கு சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் இன்டர்நெட் விஷயத்தில் ரிஸ்க் எடுக்க மாட்டான்.

டான்டெனாங் கடையில் வாங்கிய குங்குமப் பாக்கெட்டையும் ஒரு டப்பியில் சந்தனத்தையும் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். கோவை லேபில் அது பழக்கம். பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்து, ஸ்பெக்ட்ரோமீட்டருக்கே எலுமிச்சம்பழம் வைப்போம். ஒரு கருவியை விட்டுவிட்டால் அது கோபித்துக்கொண்டு அடுத்த வாரமே தப்பாக அளக்கும் என்பது எங்கள் மேனேஜரின் விஞ்ஞானம்.

கிரஹாம் மதியச் சாப்பாட்டுக்குப் போனதும் பூட்டறையில் ஆரம்பித்தேன். வெர்னியருக்கு ஒன்று. பூதக்கண்ணாடிக்கு ஒன்று. தராசு, கேமரா. பக்கத்தில் குழாய் படுத்திருந்தது.

நாற்பத்து மூன்று வயது வரைக்கும் ஆயுத பூஜை என்று சொல்லி ஸ்கூட்டருக்கும் கிரைண்டருக்கும் பொட்டு வைத்திருக்கிறேன். வாழ்க்கையில் முதல் முறையாக நிஜமாகவே ஒரு ஆயுதம் எதிரே இருக்கிறது. அதை மட்டும் விட்டுவிடுவதா? கை சும்மா இருக்கவில்லை. நெருப்புத் துளையைச் சுற்றி ஒரு சின்னப் பள்ளம் உண்டு. குழாயில் நெற்றி என்று சொல்லக்கூடிய இடம் அதுதான். அங்கே வைத்தேன். கையுறையைக் கழற்றவில்லை. என் தொழில் ஒழுக்கம் அவ்வளவு.

அழகாக இருந்தது. பத்து நிமிஷம் கழித்து டிஷ்யூவால் துடைத்துவிட்டேன். சுத்தமாகப் போய்விட்டது.

அக்டோபர் 14, திங்கள்

குழாயை கிளேட்டனில் உள்ள லேபுக்கு எடுத்துப்போனேன். வழக்கமாகப் பாலங்களின் வெல்டிங்கைப் பரிசோதிக்கிற இடம். கிரஹாமுக்காக அவ்வப்போது பழம்பொருளும் பார்ப்பார்கள். அங்கே மெஷின் பார்ப்பவர் மயூரா அக்கா, யாழ்ப்பாணம். தொண்ணூற்றாறில் இங்கே வந்தவர். தமிழ் ஆள் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு மட்டும் பிஸ்கட் டப்பா திறக்கும்.

குழாயைக் கண்ணாடி போட்டு, கண்ணாடி கழற்றி, இரண்டு விதமாகவும் பார்த்தார்.

"உதுவோ துவக்கு?"

"ஆமாக்கா, துப்பாக்கிதான், அறுநூறு வருஷம்."

"நல்லது. எனக்குத் துவக்கெண்டால் அறுநூறு வருசம் பழசா இருக்கிறதுதான் பிடிக்கும்," என்று சொல்லிவிட்டுத் தேநீர் போட்டார்.

அக்டோபர் 25, வெள்ளி

ரிப்போர்ட் வந்தது. முதல் பக்கம் படிக்கும்போது நாற்காலியில் துள்ளினேன். இரும்பில் மாங்கனீசு இல்லை, கசடு ஏராளம். மரக்கரி உலையில் எடுத்த பழைய இரும்பு.

இரண்டாம் பக்கம். நெருப்புத் துளைப் பள்ளத்தில் சிவப்புப் பொடி. செயற்கைச் சாயம், ஸ்டார்ச். 1900க்கு முன்னால் வாய்ப்பே இல்லை.

கிரஹாம் முகம் தொங்கிவிட்டது. "பழைய இரும்பை எடுத்துப் புதிதாகச் செய்து, துருநிறம் வர சாயம் பூசியிருக்கிறார்கள்," என்றார். "போலிக்காரர்களின் பழைய வித்தை. உன்மேல் தப்பில்லை, வைதேகி."

என்மேல் தப்பில்லையாம். தலையாட்டினேன். அப்புறம் பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். துடைச்சேனே. நல்லா துடைச்சேனே. அறுநூறு வருஷத் துரு, அதில் ஆயிரம் குழி, அதுக்குள்ள போய் உட்கார்ந்துக்கிச்சு. மெட்டலர்ஜி படிச்ச கழுதைக்கு இது தெரிய வேண்டாமா?

அக்டோபர் 26, சனி

பிரதீப்பிடம் சொன்னேன். முதலில் அரைமணி நேரம் சிரித்தான். தரையில் உட்கார்ந்து சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"யாருக்குத் தெரியும்? விடு."

"எனக்குத் தெரியும்."

"அந்தம்மாவுக்கு எண்பத்து நாலு வயசு. பொய்யின்னு சொன்னா, அவன் அப்படித்தான்னு சிரிச்சுட்டுப் போகும். நீ ஒத்துக்கிட்டா நேரா வீட்டுக்கு அனுப்புவாங்க. செத்துப்போன ஓட்டோவுக்கு நல்ல பேரு வாங்கித் தர நீ வேலைய விடப் போறியா?"

அவன் சொன்னதில் தப்பு இல்லை. நான் வாயைத் திறந்தால் என் வேலை போகும். திறக்காவிட்டால் உண்மையான ஒரு பொருளைப் போலி என்றும், ஒரு மனிதன் சத்தியம் செய்து சொன்ன ஒரே விஷயத்தைப் பொய் என்றும் அவன் மனைவியிடம் சொல்ல வேண்டும். வேலை போனால் திரும்பவும் பாத்திரம் கழுவத்தான். அந்த இல்லத்தின் டிஷ்வாஷர் வாசனை இப்போதே மூக்கில் வருகிறது.

அக்டோபர் 28, திங்கள்

மயூரா அக்கா போன்.

"வைதேகி, ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. சரஸ்வதி பூசைக்கு உந்தத் துவக்குக்கு என்ன செய்தனீங்கள்?"

நான் போனோடு எழுந்து வெளியே நடந்தேன்.

"அந்தச் சிவப்பைத் திருப்பிப் பாத்தனான். சாயத்தோட மஞ்சளும் வருது. முதல் தரம் நான் கவனிக்கேல்லை. எந்தக் கள்ளச் சாமான்காரன் மஞ்சள் போடுறவன், சொல்லுங்கோ?"

"பொட்டு வச்சேன் அக்கா."

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு. "விசர்ப் பிள்ளை," என்றார், பைத்தியக்காரி என்று அர்த்தம். பிறகு, "நான் கண்டதை எழுதினனான். எனக்குத் தெரியாததை எழுத மாட்டன். நீங்கள் வந்து எழுதித் தந்தால் அதையும் சேர்த்துப் போடுவன். உங்கட விருப்பம்," என்றார்.

மறைத்துவிடலாம் என்று அவர் சொல்லியிருந்தால் நான் பிடித்துக்கொண்டிருப்பேன். அதுதான் வெட்கம்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. லட்டு கல்லாகிவிட்டது. பிரதீப் காபியில் ஊறவைத்துத் தின்றான்.

நவம்பர் 1, வெள்ளி

மிஸஸ் பெர்க்மனுக்குப் போகும் கடிதத்தை என்னையே தட்டச்சு செய்யச் சொன்னார் கிரஹாம். "அலங்காரத்துக்காகப் பிற்காலத்தில் செய்யப்பட்ட பிரதி." தட்டினேன். "எனினும் உங்கள் கணவரின் நினைவாக அதற்கு என்றும் ஒரு மதிப்பு உண்டு." அதையும் தட்டினேன். ஓட்டோ, நீ பொய்யன் என்பதை ரிப்பன் கட்டிச் சொல்லும் வாக்கியம். என் விரல்தான் அடித்தது. இனிப்புத் தடவாதே என்று அந்த அம்மா கேட்டிருந்தார், நான் ஜிலேபியே போட்டுவிட்டேன்.

செவ்வாய் குதிரைப் பந்தய விடுமுறை, திங்களும் சேர்த்து ஆபீஸ் மூடல். புதன்கிழமை கடிதம் போகும்.

நவம்பர் 5, செவ்வாய்

ஊரே தலையில் தொப்பி வைத்துக்கொண்டு குதிரையைப் பார்க்கப் போயிருக்கிறது. நான் குங்குமப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளேட்டன் போனேன். பிரதீப்பிடம் எங்கே என்று சொல்லவில்லை. அவன் காரைக் கழுவி எடுத்துக் கொடுத்தான்.

மயூரா அக்கா லேபைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். பாக்கெட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

"முதல்ல கதிரையில இருந்து எழுதித் தாங்கோ. பிறகுதான் மெசின்."

நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன். அக்டோபர் பதினொன்றாம் தேதி, பகல் ஒன்றே கால் மணி, நான், என் கையால். கையெழுத்தையும் போட்டு அவரிடம் நீட்டினேன்.

பாக்கெட் குங்குமமும் பள்ளத்துச் சிவப்பும் ஒன்றே. கம்ப்யூட்டரில் இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. "உங்கட பொட்டு எவ்வளவு தூரம் பரவிக் கிடக்கெண்டு பாப்பம்," என்று அந்தப் பட்டை முழுவதையும் ஸ்கேன் செய்யவிட்டார். நாற்பது நிமிஷம். பிஸ்கட் தின்றோம். ரேடியோவில் பந்தயம் முடிந்து யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

திடீரென்று அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "இஞ்ச பாருங்கோ. இது வேற சாமான்."

துளையிலிருந்து இரண்டு விரல் தள்ளி, துருவுக்கும் மெழுகுக்கும் அடியில், திரையில் ஈயம் பளபளத்தது. பழைய பெயின்டில் இருக்கும் ஈயச் சிவப்பு. அது சிதறிக் கிடக்கவில்லை. வளைந்து, நிமிர்ந்து, மறுபடி வளைந்து நின்றது. எண்கள். இரண்டு, ஒன்று, ஏழு. சின்னதாக, ஒழுங்காக, தூரிகையால் எழுதியது.

வீட்டுச் சாமானுக்கு யாரும் எண் எழுதுவதில்லை. மியூசியங்கள்தான் எழுதும்.

நவம்பர் 6, புதன்

கடிதம் தபாலில் போகும் முன் கிரஹாமின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். பொட்டு, பாக்கெட், கையெழுத்து, எண் எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் எழுந்து கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"இது... உங்கள் மதத்தில் கட்டாயமா?" என்றார், மிகவும் பயந்த குரலில்.

ஆமாம் என்றால் தப்பித்திருப்பேன். அந்த மனிதர் வக்கீலுக்கு போன் போட்டிருப்பார், என்னைத் தொட்டிருக்க மாட்டார். "இல்லை," என்றேன். "என் கை சும்மா இருக்கவில்லை."

கடிதத்தைக் கிழித்தார். என்னைப் பூட்டறைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். கொடுத்தேன்.

நவம்பர் 18, திங்கள்

கிடைத்துவிட்டது. சாவி இல்லாத எனக்குப் படிப்பதைத் தவிர வேலை இல்லை. ஓட்டோ பிறந்த ஊருக்கு ஒரு சின்ன மியூசியம் உண்டு. 1911இல் அவர்கள் அச்சிட்ட பட்டியலை யாரோ புண்ணியவான் இணையத்தில் ஏற்றியிருக்கிறார். ஆயுதங்கள், எண் 217: இரும்புக் கைத்துப்பாக்கி, எட்டுப் பட்டை, கொக்கி உண்டு, துளை மேலே. நீளமும் துளை அளவும் நம்முடையதே. எடையில் பதினைந்து கிராம் குறைகிறது, துரு தின்றிருக்கும். காலம்: பதினைந்தாம் நூற்றாண்டின் முதல் பாதி. நான் சொன்ன அதே காலம். எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன்.

மியூசியத்துக்கு எழுதியதற்கு உடனே பதில். 1945 மார்ச்சில் குண்டுக்குப் பயந்து எல்லாவற்றையும் ஒரு பீர்த் தொழிற்சாலையின் நிலவறைக்கு மாற்றினார்களாம். சுமந்து போனது ஊர்ப் பையன்கள். போர் முடிந்து எண்ணியபோது ஒன்பது பொருள் இல்லை. எண் 217 அதில் ஒன்று.

ஓட்டோவுக்கு அப்போது பதினாறு வயது.

சந்தோஷமாக ஆரம்பித்த இந்தப் பக்கத்தை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

கிரஹாம் கடிதம் எழுதலாம் என்றார். நான் நேரில் போகிறேன் என்றேன். பெல்கிரேவ் வீட்டின் வராந்தாவில் உட்கார்ந்தோம். பொட்டு வைத்ததிலிருந்து ஆரம்பித்தேன். அந்த அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. பிறகு மீதியைச் சொன்னேன். தேதி, எண், நிலவறை, பையன்கள், காணாமல்போன ஒன்பது பொருள். இனிப்பில்லாமல்.

"அப்போ துப்பாக்கி நிஜம்."

"நிஜம்."

"கிணறு பொய்."

"பொய்."

"திருடினானா?"

"சுமந்த பையன்களில் அவர் இருந்தாரா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அவர் கையில் இருந்தது என்பது மட்டும் தெரியும்."

கோப்பையைத் தட்டில் வைத்தார். "நான் எல்லாவற்றையும் தலைகீழாக வைத்திருந்திருக்கிறேன். துப்பாக்கி போலி, ஆனால் பாவம், கிணற்றிலிருந்து எதையோ எடுத்தான் என்று நினைத்தேன். அவனுடைய பொய்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி என்று நினைத்தேன்." அதன் பிறகு சிரிப்பு இல்லை. அழுதார். கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு? இந்த உண்மையைத் தேடி எடுத்து வந்தவளே நான்தான்.

கிளம்பும்போது ஒன்று கேட்டார். "மற்ற எட்டு எங்கே?"

டிசம்பர் 13, வெள்ளி

கடைசி நாள். ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. கிரஹாம் கேக் வெட்டினார். நேர்மையைப் பாராட்டினார். பிறகு, பூட்டறைக்குள் நடந்தது நடந்ததுதான் என்றார். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். துப்பாக்கி பெட்டியில் அடங்கி ஜெர்மனி மியூசியத்துக்கே திரும்பிப் போகிறது, மிஸஸ் பெர்க்மன் கையெழுத்துப் போட்டுவிட்டார். மகன்கள் விற்கலாமே என்றார்களாம். சாக்கடைக் குழாய்க்கு என்ன விலை கிடைக்கும் என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்.

வெல்லிங்டன் ரோட்டில் சிக்னல் சிக்னலாக அழுதுகொண்டே வந்தேன். நாங்கள் குடியிருக்கும் ரோவிலுக்கு ரயில் இருந்திருந்தால் ஊர் முன்னால் அழுதிருக்க வேண்டும். அந்த மட்டும் கார் நல்லது.

பிரதீப் பஜ்ஜி போட்டான். கருகியது. தின்றேன்.

2025 பிப்ரவரி 22, சனி

இரண்டு வாரம் முன்பு மிஸஸ் பெர்க்மனிடமிருந்து போன். ஓட்டோவின் ஷெட்டில் மூன்று பெட்டி இருக்கிறது, முதியோர் இல்லத்துக்குப் போகும் முன் ஒவ்வொன்றும் என்ன என்று தெரிய வேண்டும், நீதான் வர வேண்டும் என்றார். வேறு நிபுணர்கள் இருக்கிறார்களே என்றேன். "அவர்கள் எனக்குக் கடிதம் எழுதுவார்கள்," என்றார்.

மறுபடி சேர்ந்த கிடங்கு வேலைக்கு லீவு கிடைக்கும் நாளில் எல்லாம் போகிறேன். இன்று கடைசிப் பெட்டி. இதுவரை நாலு பொருளில் எண் இருந்தது. ஒரு தலைக்கவசம், ஒரு கோட்டைச் சாவி, ஜோடி மெழுகுவர்த்தித் தண்டு. மற்றதெல்லாம் குப்பை. எண் உள்ளதைக் காட்டும்போது அந்த அம்மா தலையை மட்டும் ஆட்டுவார், நான் துணியில் சுற்றி வைப்பேன்.

எல்லாம் முடிந்தது என்று கையுறையைக் கழற்றும்போது எழுந்து உள்ளே போனார். ஒரு வெள்ளிச் சர்க்கரைக் கிண்ணத்தோடு வந்து என் முன்னால் வைத்தார்.

"கல்யாணத்தன்று கொடுத்தான். அவன் அம்மாவுடையதாம். கப்பலில் சட்டைக்குள் சுற்றிக் கொண்டு வந்தானாம். இதையும் பார்."

பார்க்க வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. கையுறையை மறுபடி மாட்டினேன்.

கவிழ்த்தேன். எண் இல்லை. ஆனால் அடியில் யாரோ அரம் போட்டு எதையோ தேய்த்திருந்தார்கள். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியில் இரண்டு முறை படித்தேன்.

"என்ன?"

"இது வெள்ளி இல்லை, மேலே பூச்சு மட்டும்தான். ஜெர்மனியும் இல்லை. மெல்போர்ன் என்று அடித்திருக்கிறது, அதைத்தான் அரத்தால் தேய்த்திருக்கிறார். பாதி எழுத்து தப்பித்துவிட்டது. உங்கள் கல்யாணத்தை ஒட்டி இங்கே ஏதோ கடையில் வாங்கியிருக்கிறார்."

கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அடியைப் பார்த்தார். அந்தத் தேய்த்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"அப்போ இதைக் காசு கொடுத்து வாங்கியிருக்கான்," என்றார். "எனக்காக."

முதியோர் இல்லத்துக்குப் போகும் பெட்டி சோபா பக்கத்தில் திறந்து கிடந்தது. இரண்டு ஸ்வெட்டருக்கு நடுவில் கிண்ணத்தை வைத்து, மூடியை அவரே அழுத்தி மூடினார்.